110 செ.மீ. ரிஃப்ளெக்டர்: கொடைக்கானல் சாயங்கால வெளிச்சத்துக்கு

கொடைக்கானலில் கல்யாண ஷூட், அவுட்டோர் போர்ட்ரெய்ட் எடுக்கிறவர்கள் ஃப்ளாஷுக்குக் காசு சேர்ப்பதற்கு முன்னால் இதை வாங்கிவிடுங்கள். வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கிற, வட்டமாக மடங்குகிற ரிஃப்ளெக்டர், 110 செ.மீ. அளவு. வெள்ளை, வெள்ளி, தங்கம், கறுப்பு, ஒளி ஊடுருவும் துணி என்று ஐந்தும் ஒன்றிலேயே வரும். நான் வாங்கியபோது ஆயிரத்து ஐந்நூறுக்குள்தான் ஆனது.

இங்கே வெளிச்சத்தின் கணக்கே வேறு. டிசம்பரில் அஸ்தமனம் 6 மணியை ஒட்டி, ஜூனில் 6:40 வாக்கில். ஆனால் மேற்கே முகடு இருந்தால் சூரியன் அதற்கு வெகு முன்னாலேயே மறைந்துவிடும். மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கைக் காலை வெளிச்சத்துக்கு வைத்துக்கொண்டு, சாயங்காலம் மன்னவனூர் பக்கம் மேற்கு திறந்த மேடாகப் பார்த்துப் போவேன். நம் ஊர்ப்பக்கம் சூரியன் ஏறக்குறைய நேர்செங்குத்தாக இறங்குவதால் அந்தப் பொன்வெளிச்சம் அரை மணி நேரம் நின்றாலே பெரிது. அதற்குள் ஸ்டாண்டு நட்டு சாஃப்ட்பாக்ஸ் (ஃப்ளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) பூட்ட நேரம் ஏது? இதைப் பையிலிருந்து எடுத்த கையோடு படக்கென்று விரிந்துவிடும்.

மணப்பெண்ணைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்துவேன். முடியோரமும் சேலைச் சரிகையும் மின்னும், முகம் மட்டும் இருண்டு கிடக்கும். அசிஸ்டென்ட் தம்பி வெள்ளைப் பக்கத்தை இடுப்புயரத்தில் பிடித்து மெதுவாகச் சாய்ப்பான். முதலில் தாடைக்கடியில் இருக்கும் நிழல் கரையும். அப்புறம் கருவிழிக்குள் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் வந்து உட்காரும். அது வந்த நொடியில் முகத்துக்கே உயிர் வந்துவிடும். அந்த வட்டத்துக்காகவே இந்தத் தொழிலைச் செய்யலாம்.

தங்கப் பக்கத்தை அந்த நேரத்தில் தொடவே வேண்டாம். வருகிற வெளிச்சமே மஞ்சள். அதன் மேல் இதுவும் சேர்ந்தால் மாநிற முகம் நலங்கு வைத்த மாதிரி ஆகிவிடும். மேகமூட்டத்தில் எல்லாம் நீலம் தட்டும்போது மட்டும் பக்கத்தில் வைத்துப் பிடித்தால் கொஞ்சம் சூடு ஏறும். வெள்ளிக்கு வீச்சு அதிகம், ஆனால் கீழிருந்து அடித்தால் கண் கூசி இமை சுருங்கும். பக்கவாட்டில் தூரமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். கேமராவில் வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வினில் நிறுத்துங்கள். ஆட்டோ அந்தப் பொன்னிறத்தைத் துடைத்து எடுத்துவிடும்.

குறைகளும் உண்டு. காற்று வீசினால் ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். மூடுபனி முழுசாக இறங்கிவிட்டால் திருப்பி அடிக்க வெளிச்சமே இருக்காது, இதுவும் ஒன்றும் செய்யாது. பையின் ஜிப் மட்டமான ரகம், சீக்கிரமே கையோடு வந்துவிட்டது. பனி இறங்கின துணியை ஈரத்தோடு மடித்துப் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ராத்திரி வீட்டில் விரித்து உலர்த்திவிட்டு மடியுங்கள்.

80 செ.மீ. அளவும் கிடைக்கிறது. ஒற்றை ஆளின் முகத்துக்கு அது போதும். ஜோடியாக நிறுத்தினால் ஒருவர் முகம் இருட்டிலேயே நிற்கும்.