ஒரே மடிக்கணினியில் எட்டு ஆண்டுகள்: விண்டோஸ் 10-உம் டெபியனும்

2017-இல் வாங்கிய மடிக்கணினியில் விண்டோஸ் 10, லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் 9 இரண்டையும் நிறுவி, அன்றிலிருந்து மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன். மெய்ப்புப் பார்ப்பதும் பக்கம் அமைப்பதும் என் தொழில். ஆகவே டெஸ்க்டாப் எத்தனை நொடியில் வந்தது என்பதை நான் பார்ப்பதில்லை. பொத்தானை அழுத்தியதிலிருந்து, முந்தைய நாள் பாதியில் விட்ட கோப்பு திறந்து முதல் எழுத்து விழும் வரை ஆகும் நேரமே என் அளவுகோல்.

முதல் மூன்று ஆண்டுகள் இரண்டுமே மெதுவாகத்தான் இருந்தன. நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், டெஸ்க்டாப் வந்த பிறகும் டிஸ்க் விளக்கு அணையாமல் துடித்துக்கொண்டிருக்கும். 2020-இல் அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியைப் பொருத்தியதும் இரண்டிலும் அரை நிமிடத்துக்குள் எழுதத் தொடங்க முடிந்தது. இயங்குதளத்தைக் குறை சொல்வதற்கு முன் டிஸ்க்கைப் பாருங்கள் என்று நண்பர்களிடம் சொல்வது இதனால்தான்.

விண்டோஸின் வேகத்தைப் பற்றிப் பேசும்போது, 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியைப் புரிந்துகொள்வது அவசியம். ஷட் டவுன் கொடுத்தால் நாம் திறந்து வைத்திருந்த செயலிகள் மூடப்படுகின்றன. ஆனால் கர்னலும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) டிரைவர்களும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) இருந்த நிலை அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டு, மறுநாள் அங்கிருந்தே நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. தினமும் இரவில் அணைத்து வந்த என் கணினியில், டாஸ்க் மேனேஜரின் ‘அப் டைம்’ ஒருமுறை பதினொரு நாள் என்று காட்டியது. முழுமையான புதுத் தொடக்கம் வேண்டுமானால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும். இந்த வசதி இயங்கும்போது டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பிரிவு உறக்கநிலையில் இருப்பதால், டெபியனிலிருந்து அதில் எழுதுவதும் பாதுகாப்பானதன்று. இரண்டையும் வைத்திருப்பவர்கள் அதை நிறுத்திவிடுவதே நல்லது. நான் நிறுத்திவிட்டேன், சில நொடிகள் கூடுவது எனக்குப் பொருட்டில்லை.

டெபியனில் எனக்கு மிகவும் பிடித்தது, தாமதம் எங்கே என்று அதுவே காட்டிவிடுவது. ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ (systemd-analyze blame) என்ற கட்டளையைக் கொடுத்தால், தொடக்கத்தில் பின்னணியில் இயங்கும் ஒவ்வொரு சேவையும் எடுத்துக்கொண்ட நேரம் வரிசையாக வருகிறது. என் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது, பிணைய இணைப்புக்காகக் காத்திருக்கும் சேவை. தொலைவிலுள்ள எந்தச் சேமிப்பகத்தையும் தொடக்கத்தில் இணைக்காத எனக்கு அது தேவையே இல்லை. அதை நிறுத்தியதும் ஆறு நொடி மிச்சமானது.

நிலைத்தன்மையில் இரண்டின் மீதும் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. விண்டோஸில் ஒரு மாதம் கணினி செயலிழந்து அடிக்கடி நீலத்திரை வந்தது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அச்சுப்பொறி ஒன்றின் டிரைவரை நிறுவிய நாளிலிருந்தே அது தொடங்கியிருந்தது. டிரைவரை நீக்கியதும் நின்றுவிட்டது. டெபியனை 9-இலிருந்து 12 வரை மறுநிறுவல் செய்யாமலே படிப்படியாக உயர்த்தியிருக்கிறேன். புதிய கர்னலுடன் பழையதும் கணினி தொடங்கும்போது வரும் பூட் மெனுவில் இருப்பதால், ஒருமுறை வைஃபை இயங்காமல் போனபோது பழையதைத் தேர்ந்தெடுத்து அன்றைய வேலையைத் தடையின்றி முடித்தேன்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. என் கணினியின் ஏழாம் தலைமுறை பிராசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. பக்க அமைப்பு மென்பொருளுக்காக மட்டும் விண்டோஸை இணையத்தில் இணைக்காமல் வைத்திருக்கிறேன். மற்ற எல்லா வேலையும் டெபியனுக்கு மாறிவிட்டது.