யூவி டார்ச்சோடு குப்பை கொட்டிய அனுபவம்

காய்ந்த மூத்திரக் கறையை இருட்டில் மினுங்க வைத்துக் காட்டும் யூவி (புற ஊதா) டார்ச் ஒன்று வைத்திருக்கிறேன். நான் 1,900 ரூபாய் கொடுத்து வாங்கிய அந்த 365 நானோமீட்டர் டார்ச் இப்போது 1,150க்கு இறங்கிவிட்டது. கேரளத்துப் புனலூரில் சோபா, கார் சீட் கழுவும் வேலை பார்க்கிற நண்பன் அந்த விலையைப் படம் பிடித்து அனுப்பி, "மாப்ளே, வாங்கவா வேண்டாமா? கார்ப்பெட்ல மூத்திரக் கறைன்னா நீ எவ்வளவு கேக்குறே?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டான். போனில் பேசி முடிகிற சமாச்சாரம் இல்லை. செங்கோட்டை, தென்காசி பக்கம் இதே தொழிலில் இருப்பவர்களுக்கும் ஆகும் என்று எழுதிவிடுகிறேன்.

பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், எத்தனை வாட் என்பதெல்லாம் டப்பாவிலேயே இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். சல்லிசாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் வகையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதை அடித்தால் அறை முழுக்க ஊதாவாகிவிடும், மங்கலான கறை அந்த ஊதாவில் அமுங்கிப் போகும். 365இல், அதிலும் முகப்பில் கறுப்புக் கண்ணாடி வைத்ததில், அடிக்கிற வெளிச்சம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கறை மட்டும் வெளிர் மஞ்சளாக எழும்பி வரும். வெளிச்சம் தெரியவில்லையே என்று டார்ச்சைத் திருப்பிக் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது, பார்வைக்குக் கெடுதல்.

நம் ஊரில் ஜமக்காளமும் பத்தமடைப் பாயும்தானே, கார்ப்பெட் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போனால் கல்ஃப் போய் வந்தவர்கள் வீட்டில் சுருட்டிக் கொண்டுவந்த விரிப்பு இருக்கும். இந்தப் பக்கம் குற்றாலம் லாட்ஜ்கள் இருக்கின்றன. பூனை, நாய்க்குட்டி, படுக்கையில் இருக்கும் பெரியவர்கள், கைக்குழந்தை என்று கறைக்குக் காரணம் எங்கேயும் ஒன்றுதான்.

டார்ச் எனக்கு எதற்குப் பிடித்தது என்றால், மூக்கு ஏமாற்றும். வீச்சம் அடிக்கிற அறைக்குள் பத்து நிமிடம் நின்றால் மூக்குக்குப் பழகிவிடும், எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது. வீட்டுக்காரர்களுக்கு அது எப்போதோ பழகிப் போயிருக்கும், விருந்தாளி சொல்லித்தான் நம்மைக் கூப்பிட்டிருப்பார்கள். டார்ச்சுக்கு அந்தச் சலிப்பு கிடையாது. ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, தரையோடு சாய்த்துப் பிடித்தால் இடம் தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், கார்ப்பெட்டின் மூலையைத் தூக்கி அடிப்பக்கத்தில் அடித்துப் பார்ப்பது. மூத்திரம் இறங்க இறங்கப் பரவும். மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தெரிகிற கறை, புரட்டினால் முறம் மாதிரி விரிந்து கிடக்கும். டைல்ஸ் தரை உறிஞ்சாது என்பதால் அடியில் இன்னும் தூரம் ஓடி, இடுக்கில் போட்ட சிமென்ட்டில் இறங்கியிருக்கும். விரிப்பை மட்டும் கழுவிவிட்டு அந்த இடுக்கை விட்டால் வேலை பார்த்ததற்கே அர்த்தமில்லை.

கூலி விஷயமும் இந்த அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. சாதாரணக் கழுவலுக்குச் சதுர அடிக்கு 15 ரூபாய் வாங்குகிறேன். 6க்கு 9 அடி விரிப்பு என்றால் 54 சதுர அடி, 810 ரூபாய். மூத்திரக் கறைக்கு இந்தக் கணக்கு உதவாது. ஒரே பூனை ஒரே மூலையில் மாதக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தால், அந்த மூலை மட்டும் கறையைச் சிதைக்கிற என்சைம் திரவம் அரை லிட்டர் குடிக்கும், மறுநாளும் வர வேண்டியிருக்கும். அதனால் கழுவல் கூலி தனி, கறைக்கூலி தனி. மேல்நாரோடு நின்றிருந்தால் ஓர் இடத்துக்கு 200. அடித்துணி வரை போயிருந்தால் 450. அடியில் ஒட்டிய ரப்பர் பூச்சு உரிந்து பொடிப்பொடியாகக் கொட்டுகிறது என்றால் வேலையே எடுப்பதில்லை, ஈரம் பட்டால் மொத்தமும் பிரிந்து வரும். "எத்ர ஆகும் சேட்டா?" என்று கேட்டவரிடம் வாயால் சொன்னால் பாதிக்குப் பேரம் பேசுவார். டார்ச்சை அடித்து அடிப்பக்கத்தைக் காட்டினால் பேரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்த வகையில் போட்ட காசை முதல் சீசனிலேயே எடுத்துவிட்டேன்.

வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன், நண்பன் ஷாம்பு மெஷினை நம்பிக்கொண்டிருக்கிறான். காய்ந்த மூத்திரத்தில் யூரிக் அமில உப்பு படிகமாக நாரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் அது லேசில் கரையாது. ஷாம்பு போட்டால் நிறம் போகும், மேலோட்டமான வாடை போகும், உப்பு அப்படியே நிற்கும். ஏப்ரல், மே வெயிலில் ஒன்றும் தெரியாது. ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்ததும் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி வீச்சத்தைக் கிளப்பும். கோடையில் காசு வாங்கினவனுக்குச் சாரலில் போன் வரும். ஆகவே முதலில் வெறும் தண்ணீர் விட்டு உறிஞ்சி எடுத்து, பிறகு என்சைம் திரவத்தை மூத்திரம் இறங்கிய ஆழம் வரை ஊறும்படி ஊற்றி, பாலித்தீன் தாளால் மூடி, ராத்திரி முழுக்கக் காயாமல் வைத்து, மறுநாள் உறிஞ்சி, ஃபேன் போட்டுச் சீக்கிரம் காயவைக்க வேண்டும். மேலாகத் தெளித்துவிட்டு வந்தால் பயனில்லை. கம்பளியில் பெராக்சைடு போட்டால் சாயம் வெளுக்கும். சணல் அடித்துணி அதிகம் நனைந்தால் பழுப்பு மேலே ஏறும்.

வீட்டுக்காரர்கள் நமக்கு முன்பே பினாயிலோ டெட்டாலோ ஊற்றியிருந்தால் அதை முழுக்க அலசி எடுத்த பிறகுதான் என்சைம். இல்லாவிட்டால் திரவத்தில் என்சைமைச் சுரக்கிற பாக்டீரியா செத்து, நாம் ஊற்றியது வெறும் விலை கூடிய தண்ணீராகிவிடும். பூனை வளர்க்கிற வீட்டில் அந்த இரண்டும் இருக்கவே கூடாது, அதற்கு விஷம். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் தூவுகிற வழக்கத்தையும் யாராவது நிறுத்தினால் நல்லது. அம்மோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் வாயு வரும்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். மஞ்சள்! இந்த டார்ச்சுக்கு மஞ்சளைக் கண்டால் மூத்திரத்தைவிட உற்சாகம். செவ்வாய், வெள்ளி மஞ்சள் தேய்த்துக் குளிக்கிற வீட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், குளியலறை வாசலில் இருந்து பூஜை அறை வரை ஈரப் பாதங்கள் பச்சையும் மஞ்சளுமாக ஜொலிக்கும், ஐந்து விரலும் தனித்தனியாக எண்ணலாம். மீன் குழம்புத் துளி ஒன்று விழுந்திருந்தால் அதுவும் பூனைக் கறையைவிடப் பளிச்சென்று தெரியும். போதாததற்குச் சலவைத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கிற சாயம் வேறு. யாராவது அந்தத் தூளால் ஒருமுறை தேய்த்துவிட்டு ஒழுங்காக அலசாமல் விட்டிருந்தால் விரிப்பு முழுக்க நீலவெள்ளையாக எரியும், உள்ளே இருக்கும் கறை தெரியவே தெரியாது. மூத்திரம் என்றால் மங்கிய மஞ்சள், ஓரத்தில் வட்டக் கோடு என்று பழக்கத்தில் கண்டுபிடிக்கலாம். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுக் குனிந்து முகர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். 1,900 ரூபாய் கொடுத்தும் கடைசியில் மூக்கு தரையில்தான்.

இன்னொன்று, வாடை முழுக்கப் போன பிறகும் சில விரிப்புகளில் மினுக்கம் மிச்சம் நிற்கும். அது தோற்றுப்போன வேலை இல்லை. முகர்ந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது, சாரலிலும் திரும்பி வராது. இதைக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மேனேஜரிடம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வேலை முடிந்ததும் என் டார்ச்சை என் கையிலிருந்தே வாங்கி அடித்துப் பார்த்து, "இன்னும் மின்னுதே அண்ணாச்சி" என்று 600 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். முகர்ந்து பாருங்கள் என்றேன். "நான் எதுக்கு முகரணும்?" என்றார். இப்போது விலை இறங்கிவிட்டதால் அவரே ஒன்று வாங்கிவிட்டாராம். ஊரில் பாதிப்பேர் இதை வாங்கிக்கொண்டு என் பின்னால் வந்து அடித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

டார்ச் தேவையில்லாததையும் சொல்லும். ஒரு வீட்டில் பூனைதான் காரணம், அதைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடப் போகிறோம் என்றார்கள். பூனை அடையாளம் வைக்க நின்றபடி பீய்ச்சினால் சோபா ஓரம், சுவர் ஓரம் என்று உயரத்தில் தெறித்திருக்கும். அங்கே சுவரில் ஒன்றுமில்லை. ஆச்சியின் கட்டிலில் இருந்து கக்கூஸ் கதவு வரை வரிசையாகத் துளி. ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு, பூனை வயதானது, மணல் தொட்டியைப் பக்கத்தில் வையுங்கள், ராத்திரி வழியில் ஒரு சின்ன விளக்கும் போட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரிப்பேர் என்று பார்த்தால் ஒன்றுதான். சார்ஜ் போடுகிற இடத்தை மூடும் ரப்பர் சரியாக உட்காராது. சாரலில் பைக்கில் எடுத்துப் போனதில் உள்ளே பச்சை பிடித்துவிட்டது. செங்கோட்டையில் ஒரு மொபைல் கடைக்காரர் 150 ரூபாய்க்கு மாற்றிக் கொடுத்தார். மழை ஊரில் விற்கிற சாமானுக்கு இதைக்கூட யோசிக்கவில்லையே என்று இன்னும் கடுப்பு. இப்போது பாலித்தீன் உறைக்குள் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றால், லாட்ஜ்காரர் பிடித்த 600 கைக்கு வரும் வரை இரண்டுதான். வீட்டுக்கு என்று யாரும் வாங்க வேண்டாம், மஞ்சளைப் பார்த்துப் பயந்து பூனையை விரட்டுவீர்கள்.

மாப்ளே, நீ வாங்கு. விலை ஏறுவதற்குள் இன்றைக்கே போடு, எனக்கும் சேர்த்து இன்னொன்று போட்டுவிடு, பணம் அனுப்புகிறேன். போன உடனே டார்ச்சை வெளியே எடுக்காதே. பார்வைக்கூலி 300ஐ முதலில் வாங்கிவிடு, வேலை கொடுத்தால் கறைக்கூலியில் கழித்துக்கொள். இடத்தைக் காட்டிக் கொடுத்த பிறகு, "அவ்வளவுதானா, நாங்களே பினாயில் ஊத்திக்கிறோம்" என்று கதவைச் சாத்துகிறவர்கள் உன் பக்கத்திலும் இருப்பார்கள்.