மூன்றடி மரப்பெட்டியும் ஒரு பாழாய்ப்போன காடியும்

லெப்பர்ட் கெக்கோ என்னும் பல்லியை வளர்க்கும் மரப்பெட்டியின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். மூன்றடி நீளம், முன்பக்கம் இரண்டு சறுக்குக் கண்ணாடிக் கதவுகள். இங்கே லண்டனில் சகஜமான வகை. என்னிடமும் சில வருடங்களாக இருக்கிறது. கண்ணாடி ஓடும் பள்ளத்தை, அந்தப் பிளாஸ்டிக் காடியைப் போன வாரம்தான் பிடுங்கிப் புதிதாகப் போட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

கெக்கோ இரவெல்லாம் தோண்டும். என்னுடையது பெண், முட்டையிடும் பருவத்தில் கேட்கவே வேண்டாம். அது வாரி இறைக்கும் மண் நேராகக் காடியில்தான் போய் விழுகிறது. நாலு மணல் துகள் சிக்கினால் போதும், கதவு பாதியில் நின்று கிறீச்சிடும். பலம் கொடுத்தால் ஒட்டவைத்த கைப்பிடி கையோடு வந்துவிடும். பழைய டூத் பிரஷ் ஒன்று பெட்டிக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாகக் கிடக்கிறது.

இதைக்கூடப் பொறுக்கலாம். இரண்டு கண்ணாடிகளும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் ஓர் இடுக்கு இருக்கிறது பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. நகம் நுழையும் அகலம்தான். இரைக்கு விடும் சின்னச் சில்வண்டுகளுக்கு அது ராஜபாட்டை. ஆண் பூச்சிதான் கத்தும் என்கிறார்கள். அப்படியானால் என் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குடியேறியவை அத்தனையும் ஆண்.

நியாயமாகவும் பேசவேண்டும். கெக்கோ தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. ஒரு கோடியில் தரை 32 டிகிரி, மறுகோடியில் 25 டிகிரி என்று இருந்தால், நடுவில் நடந்து வேண்டிய சூட்டைத் தேடிக்கொள்ளும். நீளம் குறைந்த பெட்டியில் இரண்டு கோடியும் ஒரே சூடாகிவிடும். முன்பு வைத்திருந்த கண்ணாடித் தொட்டியில் ஜனவரி முழுக்கச் சூடேற்றும் விளக்கு ஓயாமல் எரிந்தது. மரம் சூட்டைப் பிடித்து வைக்கிறது; சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அவ்வப்போதுதான் விழிக்கிறது. மேல்மூடித் தொட்டியில் கை மேலிருந்து இறங்கினாலே பருந்தைக் கண்டதுபோல் பதுங்கிய பிராணி, இப்போது முன்வழியாக நீளும் விரலை வந்து நக்கிப் பார்க்கிறது. அதற்காகவே இந்தப் பெட்டியைக் கும்பிடலாம்.

உயரத்துக்குக் காசு கொட்ட வேண்டாம். நம் சுவர்ப் பல்லிக்கு உள்ள ஒட்டும் விரல்கள் இதற்குக் கிடையாது, கண்ணாடியில் ஏறாது. நண்பர் கிரெஸ்டட் கெக்கோ பக்கம் சாய்ந்தால் கணக்கே வேறு. அது பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் மரவாசி. உயரமான கண்ணாடிப் பெட்டியும் ஈரமும் வேண்டும், 28 டிகிரிக்கு மேல் போனால் ஆபத்து. தினமும் தண்ணீர் தெளித்தால் இந்த மரப்பெட்டியின் மூலைகள் ஊதிவிடும்.

ஆக, நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். ஒரு காடியை ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர்களுக்கு உங்கள் பணம் எதற்கு? எனக்கு அடுத்த மாதம் இரண்டாவது கெக்கோ வருகிறது. அதற்கு இதே பெட்டியை நேற்றே ஆர்டர் செய்துவிட்டேன், இடுக்கில் ஒட்ட ஒரு சுருள் பிளாஸ்டிக் பட்டையும் சேர்த்து.