ஒஸ்ரின் ஏ40 சோமர்செற்றா, மொறிஸ் மைனர் 1000ஆ?

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வாங்க நினைக்கிற ஆக்கள் கடைசியில் இந்த இரண்டிலதான் வந்து நிப்பினம்.

சோமர்செற் 1952 முதல் 1954 வரை வந்தது. 1200 சிசி, 42 குதிரைவலு. தனிச் சேசிஸ் (பொடிக்கு அடியில தனி இரும்புச் சட்டம்), ஸ்டியரிங்கோடு கியர், முன்னுக்கு நீட்டு சீற். குடும்பமே ஏறி நல்லூர்த் திருவிழாவுக்குப் போகலாம். அழுத்த விகிதம், அதாவது எஞ்சின் எரிக்கமுதல் வாயுக் கலவையை எத்தனை மடங்கு அமுக்குது எண்டது, 7.2 தான். போரால பெற்றோல் தடையிருந்த 1990களில் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினதுக்கு, இப்பிடிக் குறைந்த அழுத்த எஞ்சின்கள்தான் தோதுப்பட்டன. அந்த மணம் இன்னும் என் மூக்கில நிக்குது.

மைனர் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. 1956இல் வந்த மைனர் 1000க்கு 948 சிசி, 37 குதிரைவலு. 1962இல் 1098 சிசி, 48 குதிரைவலு ஆனது. எஞ்சின் சிறிசு, ஆனால் பாரம் குறைவு. ராக் அன்ட் பினியன் ஸ்டியரிங் (பல்லுச் சட்டமும் பல்லுச் சில்லும் நேராச் சேர்ந்து திருப்புறது) என்றபடியால் ஒழுங்கைகளில் வெட்டித் திருப்ப இதுக்கு நிகரில்லை. முன்சில்லு மூட்டுகளுக்கு மட்டும் கிறீஸ் அடிக்க மறக்கக்கூடாது. தேய்ஞ்சால் சில்லு மடிஞ்சு விழும்.

உச்ச வேகம் இரண்டுக்கும் மணிக்கு ஏறக்குறைய 70 மைல். நான் மைனரைத்தான் எடுப்பன். ஆனால் வீட்டில ஆறு பேர் என்றால் சோமர்செற்றை விடாதேங்கோ.