பழைய ஃபார்ச்சூனரா, பழைய ஸ்கார்ப்பியோவா?

இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியை வாங்கிப் பராமரிக்க நினைப்பவர்கள், இந்தியாவில் 2009-இல் அறிமுகமான 3.0 லிட்டர் டீசல் ஃபார்ச்சூனரையும் அதே காலத்து 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் எஞ்சின் கொண்ட ஸ்கார்ப்பியோவையும் ஒப்பிடும்போது, விலைக்கு முன்பாக எஞ்சினைப் பார்க்க வேண்டும். ஃபார்ச்சூனரில் இருப்பது டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டனும் வால்வும் ஒத்திசைந்து இயங்க வைக்கும் பட்டை. பொதுவாக 1,50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆகவேண்டும், ஏனெனில் ஓட்டத்தில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி எஞ்சினே பாழாகிவிடும். ஸ்கார்ப்பியோவில் செயின் என்பதால் அந்தக் கெடு இல்லை. ஆனால் ஆயிலைக் காலத்தில் மாற்றாத வண்டியில் செயின் தளர்ந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே கடகடவென்று தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஃபார்ச்சூனரில் நான் மிகவும் அஞ்சுவது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செப்பு வாஷரைத்தான். சிறு நாணயத்தின் அகலமே உள்ள அது கசிந்தால், எரிந்த புகை ஆயிலில் கலந்து கரியாகப் படிந்து, சம்ப்பில் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) ஆயிலை உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். ஆகவே சம்ப்பைக் கழற்றி அந்த வலையைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். உதிரிபாகச் செலவில் ஸ்கார்ப்பியோவே மலிவு. சிற்றூர் மெக்கானிக்குக்கும் அது கைவந்த வண்டி. 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்கும் வேலை இரண்டுக்கும் உண்டு.

பெல்ட் மாற்றிய ரசீதும் சுத்தமான வலையும் இருந்தால் ஃபார்ச்சூனரையே எடுப்பேன், இல்லையேல் ஸ்கார்ப்பியோதான்.