சுடோகுவா, கென்கென்னா?

ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்களில், எந்த வரிசையிலும் எண் திரும்பாமல் எண்களை நிரப்புகிறோம் என்பதற்காகச் சுடோகுவைக் கணக்கு என்று எண்ணிவிட வேண்டாம். ஒன்பது எண்களுக்குப் பதில் ஒன்பது பழப் படங்களை வைத்தாலும் அது அதே புதிர்தான். 1979இல் அமெரிக்க இதழொன்றில் வெளிவந்து, 1984இல் ஜப்பானுக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டது.

கென்கென் என்ற எண் புதிரை ஜப்பானியக் கணித ஆசிரியர் டெட்சுயா மியாமோட்டோ 2004இல் தம் மாணவர்களுக்காக உருவாக்கினார். நிரையிலும் (கிடை வரிசை) நிரலிலும் (செங்குத்து வரிசை) எண் திரும்பக் கூடாது என்ற விதி இதிலும் உண்டு. கூடவே, தடித்த கோட்டுக்குள் அடைபட்ட கட்டங்களின் மூலையில் ஒரு விடையும் கணக்குக் குறியும் இருக்கும். 1 முதல் 6 வரை எண்களை நிரப்பும் ஆறுக்கு ஆறு புதிரில் இரு கட்டங்களுக்கு ‘11+’ என்றால் 5, 6தான். ‘12×’ என்றால் 2, 6 அல்லது 3, 4. இங்கேதான் சுவை கூடுகிறது. ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் 21 என்பதால், ஐந்து கட்டங்கள் சேர்ந்து 17 ஆனால் ஆறாவது 4. இந்தக் குறுக்குவழியைப் பலர் கவனிப்பதே இல்லை.

மனக்கணக்குப் பழக வேண்டிய பிள்ளைக்கு நான் கென்கென்னையே கொடுப்பேன், நான்குக்கு நான்கில் தொடங்கி. பஸ் பயணத்துக்குச் சுடோகு போதும். அது புத்தகமாக எளிதில் கிடைக்கும். கென்கென்னைத்தான் கொஞ்சம் தேட வேண்டும்.