46,500 ரூபா போய்விட்டது: பழைய ட்ரில் பிட் பெட்டி, சீவுளி வாங்குகிறவர்கள் கவனம்

இணையத்தில் எனக்குப் பழைய கருவிகள் விற்ற ஆள் நேற்று இரவோடு என் இலக்கத்தையும் தடை செய்துவிட்டார். இனிப் பேசிப் பார்க்க வழியில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். போனது 46,500 ரூபா. பழைய கைக்கருவிகள் சேர்க்கிறவர்கள், முக்கியமாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இருக்கிறவர்கள் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள்.

பாவித்த சாமான்களை ஆட்களே படம் போட்டு விற்கிற ஓர் இணையத்தளம். அதில் இரண்டு பொருள்கள் விளம்பரத்துக்கு வந்தன. ஒன்று, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த டோர்மர் கம்பனியின் ட்ரில் பிட்டுகள் (துளை போடுகிற அலகுகள்), அவற்றின் பழைய இரும்புப் பெட்டியோடு. திறந்தால் தட்டுத் தட்டாக எழும்பி நிற்கும் பெட்டி. 1/16 அங்குலத்தில் தொடங்கி 1/64 ஆகக் கூடிக்கொண்டு 1/2 அங்குலம் வரை 29 துளைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அளவு குத்தியிருக்கும். விலை 28,000. மற்றது ரெக்கோர்ட் கம்பனியின் 04 இலக்கச் சீவுளி (மரம் இழைக்கிற கருவி), 18,500. ரெக்கோர்ட் சீவுளிகள் 1931 இல் இருந்து ஷெஃபீல்டில் செய்யப்பட்டவை. அந்த நீல நிறத்தைத் தூரத்தில் கண்டாலே ஓடாவிமாருக்குத் தெரியும்.

வன்னியில் இவற்றுக்கு ஏன் இவ்வளவு காசு கொடுக்கிறோம் என்று வெளியில் இருக்கிறவர்கள் கேட்கலாம். 2008 இலும் 2009 இலும் போரில் இடம்பெயர்ந்தபோது வைஸையும் பட்டடையையும் யார் தூக்கிக்கொண்டு போக முடியும்? கிணற்றுக்குள் போட்டவர்கள் இருக்கிறார்கள், வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்து தேடினால் இல்லை. மிஞ்சிக் கிடந்ததும் பழைய இரும்பு வாங்குகிறவர்களின் தராசில் கிலோக் கணக்கில் ஏறிப் போனது. ஒரு நல்ல சீவுளியும் பழைய மண்வெட்டித் தகடும் அங்கே ஒரே விலைதான். என் அப்பாவின் தச்சுச் சாமான்களில் ஓர் உளிகூட எங்களிடம் இல்லை. அதனால்தான் தேடித் தேடிச் சேர்க்கிறேன்.

இது அந்த ஆளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. போன் எடுத்ததும் முதலில் கேட்டது, "அண்ணை எந்த இடம்?" கிளிநொச்சி என்றேன். உடனே குரல் மாறியது. "எங்கட அப்பாவும் உங்க பரந்தன் கெமிக்கல்ஸ் வேக்ஷொப்பிலதான் இருந்தவர். அவற்ற பெட்டிதான் இது. வீட்டில இனிப் பாவிக்க ஆளில்லை. தெரிஞ்ச ஒராளின்ர கையில போனா அப்பாக்கும் சந்தோசம்." இப்படி ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் மனம் இளகாது?

நான் வெறும் பேச்சை நம்பிக் காசு போடவில்லை. வீடியோவில் காட்டச் சொன்னேன். காட்டினார். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பிட்டாக உருவி, தண்டில் இருந்த பெயரையும் எச்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல், சூடு தாங்குகிற உருக்கு) என்ற குத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். மூடியின் இடது மூலையில் ஒரு நெளிவு இருந்தது; அதையும் அவரே காட்டி, "இதை மறைக்கக்கூடாது அண்ணை" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. நெளிவைக் காட்டி நேர்மையை விற்றிருக்கிறார்!

பார்சலை வாங்கும்போது கூரியரிடம் காசு தருகிறேன் என்றேன். "அது சரிவராது அண்ணை, அந்தக் காசு எங்கட கைக்கு வரக் கிழமைக்கணக்கில செல்லும். வங்கிக்குப் போட்டுவிடுங்கோ. நாங்கள் ஒரு பக்கத்து ஆக்கள்தானே." 46,500 ரூபாவையும் போட்டேன்.

வந்த பெட்டியில் அந்த நெளிவு இல்லை. அது வேறு பெட்டி. மெல்லிய தகரம், மேலே புதுப் பெயின்ற், மணம்கூடப் போகவில்லை. பெயின்ற்றுக்குக் கீழே துரு பொருமிக் கிடந்தது. உள்ளே 29 துளைகளுக்குப் பதினேழு பிட்டுகள். நான்கு, சுவர் துளைக்கிற பிட்டுகள். மிச்சம் மலிவான புதுப் பிட்டுகள், பழையதாகத் தெரிய எதிலோ ஊறவைத்துத் துரு ஏற்றியவை. ஒன்றின் தண்டிலும் பெயரில்லை.

அப்படியும் சந்தேகம் இருக்கக்கூடாது என்று வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். ஆங்கிள் இரும்பில் ஒன்றைப் போட்டதும் நுனி நீலமாகி மழுங்கிவிட்டது. ஹைஸ்பீட் ஸ்டீல் என்றால் அந்தச் சூட்டுக்கு அசையாது. கிட்டத்தட்டச் சிவக்கிற வரை வெட்டும், அதனால் வேகமாகச் சுற்றி வெட்டலாம், அதற்குத்தான் அந்தப் பெயரே. கிறைண்டரில் பிடித்தபோது பொறி வெள்ளையாகக் கிளைவிட்டு வெடித்துப் பறந்தது. அது சாதாரண கார்பன் ஸ்டீலின் பொறி. ஹைஸ்பீட் ஸ்டீலில் மங்கலான செம்மஞ்சள் கோடுகள்தான் வரும், வெடிப்பு அரிது. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் கிறைண்டரை நிறுத்திவிட்டார்.

சீவுளியைப் பற்றி என்ன சொல்ல. வாய்ப்பக்கத்தில் வார்ப்பிரும்பு குறுக்கே வெடித்திருக்கிறது. அதற்குள் பட்டி (வெடிப்பை மூடுகிற பசை) அடைத்து, மேலே நீலம் அடித்திருக்கிறார்கள். வீடியோவில் வந்த சீவுளியின் மூடித்தகட்டில் ரெக்கோர்ட் என்று வார்த்திருந்தது. வந்ததில் வெறும் தகடு.

அன்றைக்கே அந்த ஆளுக்குப் போன் எடுத்தேன். "கூரியர்காரர் மாத்திப்போட்டினம் போல, கேட்டுச் சொல்லுறன்." அடுத்த நாள்: "பழைய சாமான் எண்டா அப்பிடி இப்பிடித்தான் இருக்கும் அண்ணை." அப்புறம் வேறொரு குரல், தம்பியாம்: "அண்ணா கொழும்புக்குப் போட்டார், வந்து எடுப்பார்." வீடியோவில் இருந்த பெட்டி எங்கே என்று எழுதிக் கேட்டேன். வாசித்த அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. நேற்று இரவு தடை.

தளத்துக்கு முறைப்பாடு போட்டால், வாங்குகிறவரும் விற்கிறவரும் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டும் என்று ஒரு தானியங்கிப் பதில். எல்லோருக்கும் அதே இரண்டு வரி போலிருக்கிறது. 46,500 ரூபாவை ஏமாந்த ஒருவனுக்கு மனிதர் ஒருவர் பதில் எழுதக்கூடாதா?

இன்று காலை அதே தளத்தில் அதே பெட்டி மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. மூடியின் இடது மூலையில் அதே நெளிவு. வேறு பெயர், வேறு இலக்கம், விலை 32,000. உண்மையான பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்குத் தகரம் அனுப்புகிறார்களோ தெரியாது.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாக:

கையில் எடுத்துப் பார்க்காமல் முழுக்காசு போடாதீர்கள். வவுனியா என்றால் பஸ் ஏறிப் போங்கள்.

வீடியோவை மட்டும் நம்ப வேண்டாம். காட்டுகிற பெட்டியும் கட்டுகிற பெட்டியும் வேறாக இருக்கலாம்.

பிட் தண்டில் பெயரும் எச்.எஸ். அல்லது எச்.எஸ்.எஸ். என்ற குத்தும் இருக்கிறதா பாருங்கள். சீவுளியின் வாயை நகத்தால் சுரண்டுங்கள், பட்டி என்றால் தெரியும். புதுப் பெயின்ற் அடித்த பழைய பெட்டி என்றால் விட்டுவிடுங்கள்.

கடையில் வாங்கி ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பற்றுச்சீட்டை எறியாதீர்கள். வங்கிச் சீட்டு, உரையாடல் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கிறேன், நாளைக்குப் பொலிஸுக்குப் போகிறேன்.

இடது மூலை நெளிந்த டோர்மர் பெட்டியை யாராவது உங்களுக்குக் காட்டினால், அல்லது இதே ஆளிடம் ஏற்கெனவே காசு விட்டிருந்தால், கீழே எழுதுங்கள். எல்லோரும் சேர்ந்து முறைப்பாடு கொடுப்போம்.